தொட்டால் ஒன்று கழியும்

…பன்னிரண்டாவதை இறக்கியிருக்கவே கூடாது, பதினொன்றோடு தாங்கியில் வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கலாம், சமம் என்று எழுதியிருப்பார்கள், சமமும் ஒரு முடிவுதானே, ஆனால் கை கேட்டால்தானே, அது பாட்டுக்கு இறக்கிவிட்டது, இப்போது நூற்றெண்பத்தைந்து பவுண்டு இரும்பும் கெல்வின் ப்ரோகோப்பின் மார்பின்மேல் வந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாகிவிட்டது, எழுந்திருக்கிற யோசனை அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தான். தண்டு ஒரு விரற்கடை எழும்பி, இவனைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தது. சரி. அவசரமில்லை. மூச்சு விடலாம், மூச்சு விடுவதற்கு இந்த ஹால்பெக் ஊரில் இன்னும் தடை வரவில்லை… மேலே பார்த்தால் டெஸ்மண்ட் வீபின் முகம் தலைகீழாகத் தெரிகிறது, வாய் மேலே, கண் கீழே, இந்த வாட்டத்தில் பார்த்தால் எவனும் நல்லவன் மாதிரிதான் இருக்கிறான். வீபின் இரண்டு உள்ளங்கைகளும் தண்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஒரு அங்குலம் விலகி, அடுப்பில் குளிர்காய்கிறவன் கை மாதிரி விரிந்து நிற்கின்றன. தொடவில்லை. தொடவும் மாட்டான். தொட்டால் தீர்ந்தது.

படுத்திருக்கிறவன் கண்ணுக்கு நேராக, சரிந்த கூரையில் உடற்பயிற்சிக் கோச் ஸ்டாட்னிக் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறாள். எடு என்று சொன்னால் எடுப்பார்கள். தொட்டால் அந்தத் தடவை செல்லாது, மேற்கொண்டு ஒன்று கழியும். கால அளவு கிடையாது. மற்ற ஊர்களில் எல்லாம் கால அளவு உண்டு, இத்தனை நொடிக்குள் தூக்கவில்லை என்றால் எடுத்துவிடுவார்கள், அது மனிதர்கள் வாழ்கிற ஊர். இங்கே, இந்தப் பனி ஹாக்கி அணியில், முன்பு ஸ்லோபோடா என்று ஒரு கோல் காப்பாளன் இருந்தானாம், தண்டை மார்பில் இறக்கியவன் அப்படியே தூங்கிப்போனானாம், எழுப்புவது மரியாதையில்லை என்று எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்களாம், பன்றித் தொடை சாண்ட்விச்சும் வெள்ளரி ஊறுகாயும் தின்றுவிட்டு, ஒரு ஆட்டம் சீட்டும் போட்டுவிட்டுத் திரும்பி வந்தால், அவன் விழித்து, ஒரு கொட்டாவி விட்டு, தண்டைத் தூக்கி வைத்து, எத்தனை ஆச்சு என்று கேட்டானாம். அன்றைக்குக் கால அளவை அடித்துவிட்டார்கள். ஸ்டாட்னிக் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். அப்போது அவள் இந்த ஊரிலேயே இல்லை என்கிறார்கள், அதற்கும் பார்ப்பதற்கும் என்ன சம்பந்தம்…

அவளைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்வாள். பளு தூக்கி, பளு தூக்கி, கழுத்து எங்கே முடிந்து தோள் எங்கே தொடங்குகிறது என்று சர்வேயரைக் கூப்பிட்டுத்தான் கேட்கவேண்டும் என்கிற மாதிரி இருக்கிற ஒருத்தி, பதினாறு வயதில் வருகிற பையன்களை வாங்கிக்கொண்டு நான்கு வருஷத்தில் ஆம்பளைகளாக்கித் திருப்பித் தருகிறவள். இன்றைக்குக் காலையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், "வீப் தூக்கும்போது ப்ரோகோப் நிக்கணும், ப்ரோகோப் தூக்கும்போது வீப். கூட்டாளியை நிக்க வெச்சா ரகசியமா ஒரு விரல் குடுப்பான். போட்டிக்காரன் குடுக்க மாட்டான். முப்பது வருஷமா ஆளுங்களைப் பாத்தாச்சு." முப்பது வருஷம் பார்த்தும் இந்த இரண்டு பேரும் யாருக்கு யார் என்பது அவளுக்குத் தெரியவில்லையா, தெரிந்தேதான் செய்தாளா… மூன்று குளிர்காலமாக வீபும் இவனும் பின்வரிசையில் ஜோடி, இவன் இடப்பக்கம், அவன் வலப்பக்கம், ஒருத்தன் முன்னால் ஏறினால் மற்றவன் தானாகப் பின்னால் இறங்குவான், திரும்பிப் பார்க்கவே வேண்டாம், பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை, மெடிசின் ஹாட் ஊரிலிருந்து வருகிற வழியில் பனிப்புயலில் மாட்டிப் பதினெட்டு மணி நேரம் ஒரே போர்வையில் இருந்திருக்கிறார்கள், போர்வை மெல்லியது என்பதால் அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவனைப் போட்டிக்காரன் என்று தாளில் எழுதிவிட்டால் போட்டிக்காரன் ஆகிவிடுவானா? ஆகிவிட்டானே. அதுதான் விஷயம். ஆகிவிட்டான்.

இருபது வயதுக்காரர்கள் ஒரு அணியில் மூன்று பேருக்கு மேல் கூடாது, இருபத்தொன்றில் ஒருத்தனும் கூடாது, லீக்கின் சட்டம். பதினாறு வயதுப் பொடியன்கள் இப்போதே இவர்களைக் கிழவா என்றுதான் கூப்பிடுகிறார்கள், கிழவா கொஞ்சம் நகரு, கிழவா உனக்குப் பல்லு இருக்கா, அந்த உரிமையில் இவனும் வீபும் ஒருவரை ஒருவர் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இந்த ஆகஸ்டில் கிழவர்கள் நான்கு பேர் வந்து நின்றார்கள். ஒருத்தன் கோல் போடுகிறவன், இன்னொருத்தன் கோலைத் தடுக்கிறவன், அவர்களை யாரும் எடை போடவில்லை. மூன்றாவது இடம் இவனுக்கா வீபுக்கா? தலைமைக் கோச் மோவாயைத் தடவிக்கொண்டே இருந்தார், பிறகு, "ஸ்டாட்னிக் சொல்லட்டும், யாரு உடம்பு நல்லா இருக்கோ அவன்" என்று சொல்லிவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார். தாவிக் குதித்ததில் சமம். கம்பியில் தொங்கி ஏறியதில் சமம். நின்ற இடத்தில் மிதிக்கிற சைக்கிளில் முப்பது நொடி உயிரைக் கொடுத்து மிதித்துவிட்டு இரண்டு பேரும் ஒரே வாளியில் வாந்தி எடுத்தார்கள், அளவு பார்த்திருந்தால் அதுவும் சமமாகத்தான் இருந்திருக்கும். கடைசியில் இந்தப் பெஞ்ச். வீப் பதினொன்று தூக்கினான். இவன் பன்னிரண்டு தூக்கினால் இவன் இருக்கலாம், வீப் இன்றைக்கே மூட்டை கட்டவேண்டும். எடு என்று சொன்னால் இவனுடையது பத்தாகிவிடும், மூட்டை இவனுடையது. இடையில் வேறு கதவு இல்லை, இருந்த ஒரே கதவு பதினொன்றில் வைத்துவிட்டு எழுந்திருப்பது, அதைத்தான் இந்தக் கை…

"ப்ரோகோப், உயிரோட இருக்கியா?" ஸ்டாட்னிக்கின் குரல், கால்மாட்டில் மேஜைக்குப் பின்னாலிருந்து. "இருக்கேன் கோச்." "நல்லது. நான் காபி குடிக்கிறேன், நீ நிதானமா வா." குடிப்பாள். பனித்தளத்தை உறைய வைக்கிற இயந்திரம் சுவருக்கு அந்தப் பக்கம் உறுமிக்கொண்டிருக்கிறது, நேற்றுத்தான் போட்டார்கள், வெளியே கோதுமை அறுப்பு, முப்பது டிகிரி வெயில், உள்ளே பனி கட்டிக்கொண்டிருக்கிறது, இந்த அறை பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் இருப்பதால் கூரை தலைமாட்டில் உயர்ந்து கால்மாட்டில் தரையைத் தொடுகிறது, ஸ்டாட்னிக் தன் மேஜையில் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும், அதனால்தான் எப்போதும் எதையோ எழுதுகிற மாதிரி இருக்கிறாள். மூச்சு பாதி வரைக்கும்தான் போகிறது. பாதி போதும். பாதி மூச்சில் மனிதன் எவ்வளவு நேரம் இருக்கலாம்? பன்றி எவ்வளவு நேரம் இருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும்.

அப்பா… ஆயிரத்து நானூறு பன்றி. இவன் மூட்டை கட்டினால் அந்த மூட்டை போய் இறங்குகிற இடம் அதுதான். அப்பா பன்றியை எடைத்தட்டில் ஏற்றுவதில்லை, முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார், இருநூற்று எழுபது, இருநூற்று அறுபத்தெட்டு, இறைச்சிக் கம்பெனிக்காரன் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து சரி பார்த்தபோது தராசுதான் இரண்டு பவுண்டு தப்பாக இருந்தது. கோடையில் வீட்டுக்குப் போனால் இவனையும் அப்படித்தான் வாசலில் நிறுத்திப் பார்ப்பார், நூற்றுத் தொண்ணூற்று மூணு, போன வருஷத்தைவிட நாலு குறைச்சல், சாப்பாடு போடறாங்களா இல்லையா? அவ்வளவுதான் பேச்சு. அந்த வாசனையோ, சோப்பில் போகாது, பெட்ரோலில் போகாது, அப்பா ஒரு தடவை புதுக் கோட்டு போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போனபோது முன்னால் இருந்த இரண்டு வரிசையும் பாவமன்னிப்பு கேட்காமலே எழுந்து போய்விட்டன. வெறுப்பா அவர் மேல்? இல்லை. அவர் ஒரு தடவைகூட வா என்று கூப்பிட்டதில்லை. கூப்பிடாமலே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், பதினொன்றரை அளவு, கொட்டகை வாசலில் வாங்கி வைத்திருக்கிறார், அவருடைய கால் ஒன்பது.

சரி, இன்னொரு தள்ளு. தண்டு இரண்டு விரற்கடை… இடது தோளுக்குள் யாரோ கதவுத் தாழ்ப்பாளைப் பிடுங்குகிற மாதிரி ஒரு இழு, போயிற்று, மறுபடி மார்பு. அந்தத் தோள். மார்ச்சில் ஸ்விஃப்ட் கரண்ட் ஊர் அணிக்காரன் ஒருத்தன் இவனைப் பனித்தளத்தின் ஓரப் பலகையில் வைத்து அறைந்த தோள். அணி வெளியிட்ட அறிக்கையில் மேலுடம்புக் காயம் என்று மட்டும் இருந்தது, எந்த அணியும் அதற்கு மேல் சொல்லாது, மேலுடம்பு அல்லது கீழுடம்பு, இடம் தெரிந்தால் அடுத்த ஊர்க்காரன் அங்கேயே அடிப்பான். அம்மா அன்று இரவே கூப்பிட்டாள். "மேலுடம்புன்னா எங்கடா? தலையா?" "மேலுடம்பும்மா." "நெஞ்சா? கையா? வாயைத் தொறந்து சொல்லு." "சொல்லக் கூடாதும்மா." "டேய், உன்னை முழுசாப் பெத்தவ நான், எனக்கே மேல் பாதி கீழ் பாதின்னு கணக்கு சொல்றியா?" சொல்லவில்லை. பெற்றவளுக்கே சொல்லவில்லை, பழக்கம் அப்படி, பல் விழுந்தால்கூட மேலுடம்பு என்றுதான் வாயில் வரும். அணி வைத்தியரிடம்கூட விலா என்றுதான் சொல்லி வைத்தான், தோள் என்று தெரிந்த ஒரே ஆள் வீப். மூன்று வாரம் அவன்தான் இவனுக்குச் சட்டையைத் தலைவழியே கழற்றிவிட்டான், உணவகத்தில் இறைச்சியைத் துண்டு போட்டுத் தட்டை மாற்றி வைத்தான், ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஸ்டாட்னிக் கேட்டபோது, "கிழவனுக்கு வயசாயிடுச்சு கோச், மெதுவாத்தான் சாப்பிடுவான்" என்றான்.

ஆக அவனுக்குத் தெரியும். இந்தத் தோளால் எத்தனை முடியும் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒருத்தன் அவன். ஜூலையில் அவன் வீட்டு வைக்கோல் கொட்டகையில் சேர்ந்து பயிற்சி எடுத்தார்களே, தினமும் இவன் பதினொன்று, நல்ல நாளில் பன்னிரண்டு, கெட்ட நாளில் பத்து… வீப்? பதினைந்து. ஒரு நாள் பதினாறு, அன்றைக்கு அவனுடைய தங்கை எண்ணினாள், எண்ணத் தெரியாத வயது இல்லை. பதினைந்து தூக்குகிறவன் இன்றைக்கு எப்படிப் பதினொன்றில்… கெல்வினுக்கு அப்போதுதான் அது மனத்தில் ஏறியது, ஏறியதும் இறங்க மறுத்தது, அரைமணி முன்னால் வீப் தண்டைத் தாங்கியில் வைத்தபோது பக்கத்தில் நின்றவன் இவன், நெற்றியைப் பார்த்தவன் இவன், அந்த நெற்றி காய்ந்திருந்தது. முகத்தில் சிவப்பு இல்லை. மூச்சு வாங்கவில்லை. காலையில் சைக்கிளுக்கு முன்னால் எட்டு பான்கேக் தின்றான், மேப்பிள் பாகு ஊற்றி ஊற்றி, பரீட்சைக்குப் போகிறவன் சாப்பிடுகிற சாப்பாடா அது? எங்கேயோ ஊருக்குக் கிளம்புகிறவன் சாப்பிடுகிற சாப்பாடு. பதினொன்று என்பது அவனுடைய முடிவு இல்லை. அளந்து வைத்த எண். இவனுக்கு எட்டுகிற உயரத்தில், எட்டவேண்டும் என்றே, கையைத் தூக்கி ஆணியில் மாட்டி வைத்த எண்.

"கிழவா." இவன் குரல் இவனுக்கே கேட்கவில்லை, நெஞ்சில் இரும்பு இருந்தால் பேச்சு ரகசியமாகத்தான் வரும். "ஏன் பதினொண்ணுல நிறுத்தின?"

"தூக்குற வேலையைப் பாரு."

"நீ பதினஞ்சு போடுவே."

"இன்னிக்குப் போடலை. தூக்குடா, அப்புறமாப் பேசலாம்."

"பிச்சையா போடற எனக்கு?"

தலைகீழ் முகத்தில், வியர்வை இல்லாத அந்த நெற்றியில் இப்போதுதான் ஒரு சொட்டு முளைத்தது. "டேய் கிழவா, உனக்காகன்னு யாருடா சொன்னா? எனக்கு வீட்டுக்குப் போகணும். மாமா எலக்ட்ரிக் வேலைக்குச் சேத்துக்கிறேன்னுட்டாரு, செப்டம்பர்ல ஆரம்பிக்கணும். எங்கப்பாகிட்டப் போய் நானா விட்டுட்டு வந்தேன்னு சொல்ல முடியுமா? நாலு வயசுல ஸ்கேட்ஸ் கட்டிவிட்ட மனுஷன். கழட்டி விட்டுட்டாங்கன்னா வேற, ரெண்டு நாள் திட்டுவாரு, அவங்களைத்தான் திட்டுவாரு. நீ தூக்கினாத்தான் நான் போக முடியும். தூக்கித் தொலையேன்."

"அங்க என்ன குசுகுசுன்னு?" என்றாள் ஸ்டாட்னிக்.

"ஜெபம் பண்றோம் கோச்," என்றான் வீப்.

"ஜெபத்தைத் தொடாம பண்ணு."

வீட்டுக்குப் போகணும். அந்தச் சொல் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, இரும்பைவிடக் கனம். நிஜமா? எலக்ட்ரிக் வேலை நிஜமா, இல்லை இவன் வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ளட்டும் என்று அந்தக் காகிதத்தில் சுற்றித் தருகிறானா? வீபுக்கு மாமா உண்டு, மின்சாரக்காரர்தான், அதுவரைக்கும் சரி, ஆனால் மாமா உள்ளவர்கள் எல்லாம் பொய் சொல்லமாட்டார்கள் என்று சட்டம் இல்லையே… அதைவிட மோசமானது ஒன்று. வீட்டுக்குப் போகணும் என்று அவன் சொன்னபோது கெல்வினுக்கு வந்தது நன்றி இல்லை, கோபமும் இல்லை, பொறாமை. பச்சைப் பொறாமை. எனக்கு முன்னால் நீ எப்படி வரிசையில் நின்றாய் என்கிற பொறாமை. தோற்பதற்கு ஒரு வரிசை இருந்தது என்பதே இவனுக்குத் தெரியாது, இருந்திருக்கிறது, இந்தத் தடியன் பான்கேக் தின்றுகொண்டே போய் முதலில் நின்றுவிட்டான். இல்லை, அப்படி இல்லை, எனக்கு ஆட வேண்டும், இன்னும் ஒரு குளிர்காலம், யாராவது பார்ப்பார்கள், பெரிய லீக்கிலிருந்து மேல்கோட்டுப் போட்ட ஒருத்தன் மேல்படியில் உட்கார்ந்து குறித்துக்கொள்வான்… நான்கு குளிர்காலமாக உட்கார்ந்திருக்கிறான், கெல்வின் பெயரைக் குறிக்க அவன் பேனா திறந்ததில்லை. எடு என்று ஒரு சொல். இரண்டெழுத்து. சொன்னால் மூச்சு முழுசாக வரும், தோள் இனி யாருக்கும் ரகசியம் இல்லை, அம்மாவிடம் தோள் என்று சொல்லலாம், பதினொன்றரை அளவு பூட்ஸில் காலை விட்டுக்கொள்ளலாம், பன்றிகள் எத்தனை தூக்கினாய் என்று கேட்காது. இதை நினைத்தபோது தொண்டையில் தித்தித்ததே, அதுதான் பயமாக இருந்தது. சொன்னால் வீப் இங்கே மாட்டிக்கொள்வான், எலக்ட்ரிக் வேலை போய்விடும், அப்பாவிடம் ஒன்றும் சொல்லமுடியாமல் எட்டு மாதம் வலப்பக்கத்தில் தனியாகப் பின்வாங்கிக்கொண்டிருப்பான். சொல்லாமல் இருந்தால் இவன் மாட்டிக்கொள்வான். இரண்டு பேரில் ஒருத்தன் உள்ளே இருந்தால்தான் மற்றவன் வெளியே போகமுடியும், அதை முடிவு செய்கிற வேலையைப் படுத்திருக்கிறவனிடம் கொடுத்திருக்கிறார்கள். ஸ்லோபோடா நிஜமாகவே தூங்கித்தான் போனானா? தூங்கியிருக்கமாட்டான். இதே மாதிரி ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருப்பான், முடியவில்லை, எல்லோரும் சாப்பிடப் போனதே தேவலை என்று கண்ணை மூடிக்கொண்டிருந்திருப்பான்.

வாயைத் திறந்தான். எடு என்று சொல்லத்தான் திறந்தான், அல்லது காற்று வாங்கத் திறந்தான், இரண்டும் வாயைத் திறக்கிற வேலைதான். காற்று வந்தது. வந்த காற்றோடு கை தள்ளியது, இறக்கிய அதே கை, யாரைக் கேட்டு இறக்கியதோ அவரையே கேட்டுத் தள்ளியது, மூன்று விரற்கடை, நாலு, தோளில் தாழ்ப்பாள் பிடுங்கியது, பிடுங்கட்டும், ஒரு சாண், அங்கே நின்றுவிட்டது. எப்போதும் நிற்கிற இடம். மேலும் இல்லை, கீழும் இல்லை, கை இரண்டும் ஆடுகின்றன, தண்டு ஒரு பக்கம் சாய்கிறது, கண்ணை இறுக மூடிக்கொண்டான், உள்ளே சிவப்பாக இருந்தது, உறுமிக்கொண்டிருந்தது சுவருக்கு அந்தப் பக்கத்து இயந்திரமா தன் தொண்டையா என்று தெரியவில்லை… அப்போது இலேசாயிற்று. ரொம்ப இல்லை. வீடு மாற்றும்போது கட்டிலைத் தனியாக இழுத்துக்கொண்டிருக்கையில் யாரோ மறுமுனையைப் பிடித்தால் இருக்குமே, அவ்வளவு. அவ்வளவுகூட இல்லை. தண்டு போயிற்று, போய்த் தாங்கியில் விழுந்தது, அறை முழுக்க ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்தபோது வீபின் கைகள் அவனுடைய சொந்த இடுப்பில் இருந்தன. எப்போதிலிருந்து இருந்தன? ஸ்டாட்னிக் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள், மாட்டிக்கொண்டாள், வீபைப் பார்த்தாள், அல்லது வீபுக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். "பன்னிரண்டு," என்றாள். எழுதினாள். எழுதிய தாளை அட்டையிலிருந்து உருவிக்கொண்டு, சரிந்த கூரைக்குக் குனிந்து வெளியே போனாள், போகிறபோது இரண்டு பேர் தோளிலும் ஒவ்வொரு தட்டு, கெல்வினுக்கு வலது தோளில், எல்லோரையும் இடது தோளில்தானே தட்டுவாள், எதற்கு வலது…

வீப் போகவில்லை. மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தான், அவிழ்த்ததை மறுபடி சுற்றினான், மறுபடி அவிழ்த்தான். பெஞ்சின் தலைமாட்டிலேயே நின்றுகொண்டு, எதையும் பார்க்காமல், கேட்டால் சொல்வதற்குத் தயாராக இருக்கிறவன் நிற்பது மாதிரி நின்றான். கேட்கலாம். ஒரே கேள்வி, தொட்டியா? மூன்று வருஷத்தில் வீபிடம் கேட்காத கேள்வி ஒன்று உண்டா, போர்வைக்குள் பதினெட்டு மணி நேரம் கேட்காத கேள்வியா? கேட்டால் சொல்லிவிடுவான். அது ஒரு பிரச்சனை. இல்லை என்று சொன்னால் நம்பவேண்டும், ஆமாம் என்று சொன்னால் அந்தத் தாளுக்குப் பின்னால் ஓடவேண்டும், ஓடுவேனா என்று கெல்வின் தன்னைத்தானே கேட்டுப் பார்த்தான். மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

"எத்தனை மணி பஸ்சு உனக்கு?" என்றான்.

வீப் கொஞ்சம் காத்திருந்தான், வேறு ஏதாவது வருமா என்று. "ரெண்டே கால்," என்றான்.

"ஸ்டாண்டுக்கு நான் கொண்டுவந்து விடறேன்," என்றான் கெல்வின், சொல்லும்போதே கணக்குப் போட்டுவிட்டான், இங்கிருந்து ஸ்டாண்டுக்கு ஒன்பது நிமிஷம், அந்த ஒன்பது நிமிஷத்துக்கும் பேசுவதற்கு வேறு விஷயம் தேவைப்படும், அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில், குளிர்காலம் முழுக்க, அதற்கும் அப்புறம்.